பயாஸில் கை வைப்பதற்கு முன்: விண்டோஸ் 11 மாற்றத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெரிந்தவர் ஒருவர் தன் மேசைக் கணினியை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறப் போனாராம். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்க விடும் பாதுகாப்பு) வேண்டும் என்று திரையில் வந்ததும், விண்டோஸ் எழும் முன்பே ஓடும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் போய், லெகசி (பழைய துவக்க முறை) என்று இருந்ததை யூஇஎஃப்ஐ (புதிய முறை) என்று மாற்றியிருக்கிறார். அவ்வளவுதான். அடுத்த முறை ஆன் செய்ததும் கறுப்புத் திரை, பூட் டிவைஸ் இல்லை என்று ஒரே ஒரு வரி. கடையில் காட்டியதற்கு, "ஹார்ட் டிஸ்க் போச்சு சார், ஃபார்மட் பண்ணணும்" என்றிருக்கிறார்கள். நல்லவேளை, அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் செய்தது ஒன்றுதான்: யூஇஎஃப்ஐயைத் திரும்ப லெகசி ஆக்கினேன். ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸ் 10 எழுந்து வந்தது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து பழைய கணினிகளை அவசரமாக மாற்றுகிறவர்கள் அதிகம். நான் பார்த்தவரை, எழுந்திருக்காமல் போன கணினிகளில் பாதிக்கு மேல் விண்டோஸ் கெடுத்தவை அல்ல. முன்னாலோ பின்னாலோ நாமே எதையாவது மாற்றிக் கெடுத்தவை.

லெகசி விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் டிஸ்க், எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு அமைப்பில் இருக்கும். கணினி அதன் முதல் செக்டரில் இருக்கும் சிறு நிரலைப் படித்துக் கிளம்பும். யூஇஎஃப்ஐ அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை. அதற்கென்று தனியாக ஒரு சிறிய பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) இருக்க வேண்டும், அதில் துவக்கக் கோப்பு இருக்க வேண்டும். எம்பிஆர் டிஸ்க்கில் சாதாரணமாக அது இருக்காது. ஆகவே டிஸ்க் நன்றாக இருந்தும் கணினிக்கு அது கண்ணில் படாது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு அமைப்புக்கு மாற்ற வேண்டும், அப்புறம்தான் பயாஸ். மாற்றுவதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருந்தால் மறுத்துவிடும். மாற்றாமல் சோதித்து மட்டும் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. முதலில் அதை ஓட்டுங்கள். உங்கள் கணினி எந்த வகை என்று தெரிய, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள்.

பயாஸுக்குள் இன்னொரு கண்ணிவெடி, சாட்டா மோட், அதாவது கணினி டிஸ்க்கோடு பேசும் முறை. ஏஎச்சிஐ, ரெய்டு என்று அங்கே இருப்பதை "இதுதான் வேகமாம்" என்று மாற்றுகிறவர்கள் உண்டு. அந்த முறைக்கான டிரைவரை (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) விண்டோஸ் தயாராக வைத்திருக்காவிட்டால், எழ முடியாமல் நீல நிறப் பிழைத் திரைதான். இதற்கும் மருந்து, பழையதற்கே திரும்புவது. பயாஸில் எதைத் தொடுவதற்கு முன்பும் திரையை போனில் ஒரு படம் எடுத்து வைப்பது என் வழக்கம்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி. மடிக்கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பலருக்கு அது தெரியாது. டிபிஎம் (சாவிகளைக் காக்கும் சிப்), செக்யூர் பூட் ஆகியவற்றில் எதையாவது மாற்றினாலோ பயாஸை அப்டேட் செய்தாலோ, கணினி சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். வேறொரு போனிலிருந்து நுழைந்து எடுக்கலாம். எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினோம் என்பதே மறந்துபோயிருந்தால்தான் சிக்கல். சாவி எங்குமே இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களும் கணக்குகளும் போனதுதான், யாராலும் மீட்க முடியாது. ஆகவே தொடங்கும் முன் சாவியைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.

சரி, மேம்படுத்தல் ஓடத் தொடங்கிவிட்டது. ஏதோ ஒரு சதவீதத்தில் போய் நின்றுகொண்டு அசைய மறுக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இது மணிக்கணக்கில் நிற்பதுண்டு. டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரோடு, மேசைக் கணினி என்றால் யூபிஎஸ்ஸோடு. கரண்ட் போகிற நேரம் பார்த்துத் தொடங்க வேண்டாம்.

தோற்றுப்போய்ப் பழைய விண்டோஸுக்கே திரும்பி வந்தால் ஒரு பிழை எண் வரும். அதைப் பார்க்காமலே மூடிவிட்டு மறுபடி அதையே முயல்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. சி1900101 என்று இருந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. அதோடு சேர்ந்து வரும் இரண்டாவது எண், எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று சொல்லும்: 20017 என்றால் முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு, பழைய விண்டோஸை விட்டு வெளியே வந்த கட்டத்தில், 40017 என்றால் கிட்டத்தட்ட கரையேறிய பிறகு, இரண்டாவது துவக்கத்தில். இரண்டிலும் சந்தேகம் முதலில் டிரைவர் மேல்தான். வெளி நிறுவன ஆன்டிவைரஸையும் டிஸ்க்கைப் பூட்டும் மென்பொருளையும் நீக்கிவிட்டு, கிராஃபிக்ஸ், ஸ்டோரேஜ் டிரைவர்களைப் புதுப்பித்த பிறகு முயலுங்கள். பென் டிரைவ், மெமரி கார்டு எதுவும் செருகியிருக்க வேண்டாம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்: 2019 மே மாத விண்டோஸ் 10 மேம்படுத்தலில், இவை செருகியிருந்த கணினிகளில் டிரைவ் எழுத்துகள் மாறிப்போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே அந்தக் கணினிகளுக்கு மேம்படுத்தலைத் தடுத்து வைத்தது.

"உங்கள் கணினிக்கு இன்னும் வரவில்லை" என்று அப்டேட் பக்கம் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் சில 2 டிபி எஸ்எஸ்டிகளில் நீலத்திரை வந்தது. எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகுதான் தீர்ந்தது. தடையைத் தாண்டிப் போக வழி தேடுவதைவிட எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேரைத் தேடுவது மேல். அதே 24எச்2, கோர் 2 டியோ போன்ற பழைய சிப்களில் எழவே எழாது. அதற்குத் தேவையான பாப்கவுண்ட் கட்டளை அந்தச் சிப்பிலேயே கிடையாது. எந்தக் குறுக்குவழிக்கும் அங்கே வேலை இல்லை.

மாறிய பிறகும் எழவில்லை என்றால், சில முறை துவக்கம் தோற்றதும் நீல நிற மீட்புத் திரை தானாக வரும். அதில் அப்டேட்டை நீக்கும் வழியும் முந்தைய விண்டோஸுக்குத் திரும்பும் வழியும் இருக்கின்றன. கட்டளைத் திரைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே சி டிரைவ் சி ஆகவே இருக்கும் என்று உறுதியில்லை. எதையும் ஓட்டும் முன் உள்ளே என்ன கோப்புகள் என்று பாருங்கள். நன்றாக எழுந்துவிட்டாலும் முதல் 10 நாளைக்கு டிஸ்க்கைச் சுத்தம் செய்யப் போகாதீர்கள்; இடத்தை அடைக்கிறதே என்று பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையை அழித்தால் திரும்பிப் போகும் பாதை போய்விடும்.

ஆட்டோவில் வந்தவர் கதைக்கு வருவோம். அவருடையது இன்டெல் ஆறாம் தலைமுறைச் சிப். விண்டோஸ் 11இன் பட்டியலில் இன்டெல் சிப்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. பயாஸைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கும் திட்டத்தில் அவரைச் சேர்த்துவிட்டு, அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.