கட்டணம் ஜூனில், பாராட்டு விழா ஆகஸ்டில்: ஊர்க் கல்வி உதவியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருதுநகரில் 1889ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சத்திரிய வித்யாசாலைப் பள்ளி எவ்வாறு நடந்தது என்பதை அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து ஊர்ப் பொதுநிதிக்குச் செலுத்திய மகமை என்ற சிறு பங்கும், பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசியும் அந்தப் பள்ளியைத் தாங்கின. பெரிய தொகை ஒருநாளில் வந்து குவியவில்லை. சிறிய தொகை தவறாமல் வந்துகொண்டிருந்தது. இன்று ஊர்தோறும் முன்னாள் மாணவர் சங்கங்களும் கல்வி அறக்கட்டளைகளும் கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு நல்ல மனத்துடன் உதவி வருகின்றன. ஆயினும் அந்தத் 'தவறாமல்' என்ற ஒன்றில்தான் நாம் பெரும்பாலும் சறுக்குகிறோம். எங்கள் ஊரில் இத்தகைய குழு ஒன்றின் கணக்கைச் சில ஆண்டுகள் எழுதியவன் என்ற முறையில், நாங்களே செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு நாட்காட்டியில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன. கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை அதையொட்டியே தொடங்கிவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்தவர் குறித்த சில நாட்களுக்குள் கட்டணம் செலுத்தி இடத்தை உறுதி செய்தாக வேண்டும். ஆனால் எங்கள் குழுவோ சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, அட்டையில் பெரிதாக எழுதிய மாதிரிக் காசோலையுடன் உதவித்தொகை வழங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை அவ்வாறு இருபதாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்ட ஒரு மாணவியின் தாய், விழா முடிந்ததும் என்னிடம் வந்து, அந்தப் பணத்தை வங்கியிலிருந்து எப்போது எடுக்கலாம் என்று கேட்டார். ஜூன் மாதத்தில் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்து மகளின் கட்டணத்தைக் கட்டியிருந்தார். வட்டி ஏறுவதற்குள் மீட்க வேண்டும் என்பது அவர் கவலை. நாங்கள் கொடுத்தது படிப்புக்கு என்று மேடையில் பேசினோம். உண்மையில் அது அடகுக் கடைக்குச் சென்றது. அடகு வைக்க நகை இல்லாத வீட்டுப் பிள்ளை அந்த ஜூன் மாதத்தில் என்ன செய்திருக்கும் என்ற கேள்வி அதன் பிறகே எங்களுக்கு எழுந்தது. விழா நடத்துவோர் தாராளமாக நடத்தட்டும். பணம் மட்டும் மே, ஜூன் மாதங்களிலேயே கையில் இருக்க வேண்டும், அதற்கான வசூல் தைப் பொங்கலுக்கு ஊருக்கு வருவோரிடமே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, யாருக்குக் கொடுப்பது என்பதில் நேரும் பிழை. மதிப்பெண் பட்டியலை எடுத்து முதல் மூன்று பெயர்களைக் குறித்துக்கொள்வது எளிது, சண்டையும் வராது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020ஆம் ஆண்டு முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டு முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. அதன்கீழ் இடம் பெறுவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆக, பள்ளியில் முதலிடம் பெற்றுக் கட்டணமின்றிச் சேர்ந்துவிட்ட மாணவருக்கு நாம் மாலை போட்டுப் பணம் கொடுக்கிறோம். நடுத்தர மதிப்பெண்ணுடன் பாலிடெக்னிக்கிலோ அருகிலுள்ள கலைக் கல்லூரியிலோ சேரத் தயங்கி, திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் பேருந்து ஏறும் மாணவர் நம் பட்டியலுக்குள் வருவதே இல்லை. கல்லூரியில் சேராமல் போகும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று வகுப்பு ஆசிரியரைக் கேட்டால் மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமலேயே நான்கு பெயர்களைச் சொல்வார். அந்தப் பட்டியல்தான் கொடையாளருக்குத் தேவையான பட்டியல் என்பது என் துணிபு.

அரசு என்ன தருகிறது என்பதை அறியாமலேயே உதவத் தொடங்குவதும் இதனுடன் சேர்ந்த தவறுதான். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் தகுதியுள்ள மாணவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. வேறு உதவித்தொகை பெறுவது இவற்றுக்குத் தடையில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்வோருக்கே பொருந்தும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். ஆகவே கலந்தாய்வுக்குக் காத்திராமல் நிர்வாக ஒதுக்கீட்டில் அவசரமாகச் சேர்த்துவிட்டு நம்மிடம் பணம் கேட்டு வரும் குடும்பம் ஏற்கெனவே ஒரு சலுகையை இழந்துவிட்டு வருகிறது. மத்திய அரசு இளநிலை மாணவர்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வழங்கும் கல்லூரி உதவித்தொகை போன்ற சில திட்டங்களிலோ வேறு உதவித்தொகை பெறுவது குறித்த நிபந்தனைகள் உண்டு; அவற்றைப் படித்துப் பார்க்காமல் நாம் கொடுக்கும் சிறு தொகை, பெரிய தொகை ஒன்றுக்குத் தடையாகிவிடக் கூடாது. இத்தகைய சலுகைகளுக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றில் உரியவை வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாக நகர்ந்து வரவேண்டிய இந்தச் சான்றுகளை ஏப்ரல் மாதத்திலேயே வாங்கிவைக்க ஒருவர் உடன் சென்று உதவினால், அது பல ஆயிரம் ரூபாய்க்குச் சமம். பணம் கொடுக்க இயலாத ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அஞ்சலக ஊழியர்களும் எங்கள் குழுவில் செய்த பெரிய கொடை இதுவே.

கல்லூரிச் செலவு என்றால் கட்டணம் மட்டுமே என்று எண்ணுவது இன்னொரு பிழை. அரசு கலைக் கல்லூரியில் சேரும் மாணவருக்குக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அவருக்கு நாள்தோறும் மதியச் சாப்பாடு உண்டு, பருவத் தேர்வுக்குத் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணம் உண்டு, ஆய்வகக் குறிப்பேடும் மேலங்கியும் உண்டு. நவம்பரில் தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு பருவத்தையே விட்டவரை நான் அறிவேன். விட்ட தொகை இரண்டாயிரத்தைத் தாண்டாது. முதலாம் ஆண்டில் ஒரே தவணையாகப் பெருந்தொகை கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கொடையாளர்கள், மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு செய்து பார்த்தால் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்பது தெரியவரும். பத்துப் பேருக்கு ஓராண்டு கொடுப்பதைவிட மூன்று பேருக்கு மூன்றாண்டு கொடுப்பது மேல் என்று நான் கூட்டத்தில் சொன்னபோது எதிர்ப்பு வந்தது. பத்துப் பெயர் அச்சான துண்டறிக்கை பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை.

பணத்தை எங்கே செலுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். கல்லூரியின் பெயருக்கு நேரடியாக வரைவோலை எடுப்பது பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் முன்னெச்சரிக்கையாக ஜூனில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து, கலந்தாய்வின் பின்சுற்றில் வேறு கல்லூரி கிடைக்கும் மாணவருக்கு அதுவே விலங்காகிவிடும்: கட்டிய பணமும் அங்கே, மாற்றுச் சான்றிதழும் அங்கே. கட்டணத்தைத் திரும்பப் பெறப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் உள்ளன. அவற்றை எழுத்தில் குறிப்பிட்டுக் கடிதம் கொடுக்கத் தெரிந்த ஒருவர் துணைக்கு இல்லாவிட்டால் பதினேழு வயதுப் பிள்ளை அலுவலக வாசலிலேயே நிற்கும். எனவே கலந்தாய்வு முடியும்வரை முதல் தவணையை மட்டும் கொடுப்பதே நல்லது.

கொடுப்பவரின் பக்கத்தில் கணக்குத் தவறுகளும் உண்டு. மாணவரின் கையில் நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. கொடையாளருக்கு வரிச் சலுகை பெற்றுத்தரும், 80ஜி என்று வழங்கும் பதிவுள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்கள் அனுப்பும் பணம் இதைவிடச் சிக்கலானது. இந்தியக் குடியுரிமையுடன் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதியாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர் அல்லது அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். நம்ம ஊர்ப் பையன்தானே என்று வாங்கி வரவு வைத்துவிட்டுப் பின்னர் விளக்கம் சொல்ல இயலாது.

மேடையில் நிறுத்திப் படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய பிள்ளையின் முகம் வகுப்புத் தோழர்களின் செல்பேசியில் ஆண்டுகள் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். கொடையாளரின் படம் போதும். அதேபோல, "நான் பணம் தருகிறேன், கணினி அறிவியல் எடுக்கட்டும்" என்று பாடத்தைத் தீர்மானிப்பதும் வேண்டாம். வேதியியல் விரும்பும் மாணவர் வேதியியலே படிக்கட்டும்.

இத்தனை பிழைகளுக்குப் பிறகு எங்கள் குழு செய்த ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆனால் சேர்க்கை நாளுக்கும் அது வரவாகும் நாளுக்கும் இடையே மாதங்கள் கடந்துவிடுகின்றன, கல்லூரியோ முன்பணம் கேட்கிறது. அந்த இடைவெளிக்காக ஒரு தொகையைத் தனியே ஒதுக்கி, வட்டியின்றிக் கைமாற்றாகக் கொடுக்கத் தொடங்கினோம். உதவித்தொகை வந்ததும் திருப்பித் தந்தால் போதும், அது அடுத்தவருக்குச் செல்லும். திரும்பி வராது என்றுதான் குழுவில் பாதிப் பேர் சொன்னார்கள். அந்த மார்ச் மாதம், முதன்முதலில் வாங்கிய மாணவி தன் தந்தையுடன் வந்து பணத்தை எண்ணிக் கொடுத்தாள், நான் நோட்டில் குறித்துக்கொண்டு மூடியபோது, "ஐயா, திருப்பிக் கொடுத்ததுக்கும் ரசீது உண்டா?" என்று கேட்டாள். எங்களிடம் அப்படி ஒரு ரசீதுப் புத்தகமே அதுவரை இருக்கவில்லை.