ரிஃப்ளெக்டிவிட்டி ஃபிட் நல்லா வந்துடுச்சா, இன்னும் கொஞ்சம் சந்தேகப்படுங்க

சிலிக்கான் மேல ஒரு படலம், அதுக்கு மேல இன்னொண்ணு, ரெண்டும் சேர்ற எல்லை உள்ளுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. சாம்பிளை வெட்டாம அதைப் பாக்கணும்னா எக்ஸ்ரே ரிஃப்ளெக்டிவிட்டி ரொம்ப நல்ல வழி, உரசுற மாதிரி சின்ன கோணத்துல கதிரை விட்டு எவ்ளோ திரும்பி வருதுன்னு எடுக்கறோம், ஒவ்வொரு எல்லையில இருந்தும் வர்ற அலைங்க கலந்து கர்வுல ஏத்த இறக்கமா தெரியும்.

இதுல பெரிய தப்பே ஃபிட்டை, அதாவது லேயர்களுக்கு ஒரு மாடல் போட்டு அதோட கோட்டை டேட்டா மேல பொருத்தறதை, அப்படியே நம்பறதுதான். டிடெக்டர் எண்றது தீவிரத்தை மட்டும், அலையோட ஃபேஸ் (முகடும் பள்ளமும் எங்க விழுதுங்கற தகவல்) அங்கயே தொலைஞ்சு போயிடுது, அதனால வேற வேற அடர்த்தி அமைப்பு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கர்வைக் குடுக்கலாம். சரியா வரலைன்னு ஒரு லேயர் சேப்பீங்க, கோடு அழகா உக்காந்துடும், அப்புறம் இன்னொண்ணு சேப்பீங்க, இப்படியே போனா இல்லாத லேயரைக்கூட கண்டுபிடிச்சிடலாம்! நான் வேற வேற ஆரம்ப மதிப்புல இருந்து பல தடவை ஓட்டிப் பாத்துட்டுத்தான் எழுதுவேன். தங்கப் படலத்துக்கு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 21 கிராம்னு வந்தா, கட்டித் தங்கமே 19.3 தானே, மாடல்லதான் கோளாறு.

அடுத்தது சொரசொரப்பு. எல்லையோட அகலம் 10 ஆங்ஸ்ட்ராம்னு ஃபிட் சொல்லும், ஆனா அது மேடு பள்ளமா இல்ல ரெண்டு பொருளும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சதான்னு ஸ்பெக்குலர் டேட்டாவால (கண்ணாடில மாதிரி விழுந்த அதே கோணத்துல திரும்பி வர்ற கதிர்) பிரிக்கவே முடியாது. அதுக்கு பக்கவாட்டுல சிதறுற டிஃப்யூஸ் டேட்டா எடுக்கணும், பல பேர் அதை எடுக்காமலே "டிஃப்யூஷன் (ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையறது) நடந்திருக்கு"ன்னு எழுதிடறாங்க, எனக்கு இதுதான் மனசு ஆறாது.

எக்ஸ்ரேக்கு எல்லை தெரியறதே எலக்ட்ரான் அடர்த்தி வித்தியாசத்தாலதான், அது இருக்கான்னு முன்னாடியே கணக்கு போடுங்க. பாலிஸ்டைரீனும் தண்ணியும் கிட்டத்தட்ட ஒரே அடர்த்தி, ஒரு கன ஆங்ஸ்ட்ராமுக்கு 0.34 எலக்ட்ரானுக்கும் 0.33க்கும் என்ன தெரியப்போகுது? அங்க ஹைட்ரஜனுக்குப் பதிலா அதோட கனமான வகையான டியூட்டீரியம் போட்டு, எக்ஸ்ரேக்குப் பதிலா நியூட்ரான்ல பாக்கறதுதான் சரி. தண்ணிக்கு அடியில இருக்கற எல்லைன்னா 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர் ஒரு மில்லிமீட்டர் போறதுக்குள்ளயே மூணுல ரெண்டு பங்கு தண்ணியிலயே போயிடும், 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல போங்க.

கதிர் 0.1 மில்லிமீட்டர் அகலம்னா 0.2 டிகிரியில அது கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டருக்குப் பரவும், உங்க சாம்பிள் 10 தான், மீதி வெளியதான் போகுது, அதை திருத்தாம ஃபிட் பண்ணா அடர்த்தி தப்பா வரும். அப்புறம் ஸ்டெப், அதாவது ஒவ்வொரு அளவுக்கும் கோணத்தை எவ்ளோ நகத்தறோம்ங்கறது. 100 நானோமீட்டர் படலத்துக்கு காப்பர் கதிர்ல கர்வுல ரெண்டு முகட்டுக்கு நடுவுல டூ-தீட்டா (விழற கோணத்தோட ரெண்டு மடங்கு) 0.09 டிகிரிதான், 0.05 ஸ்டெப் வச்சா தடிமன் தகவல் பாழாயிடும், 0.01 வையுங்க.

சின்க்ரோட்ரான்ல (ரொம்ப தீவிரமான எக்ஸ்ரே தர்ற பெரிய மெஷின்) பாலிமர் சாம்பிள்னா அதே இடத்துல ரெண்டாவது ஸ்கேன் எடுங்க, கொஞ்சம் நகத்தி புது இடத்துல ஒண்ணு எடுங்க. புது இடம் முதல் ஸ்கேனோட ஒத்துப்போய், ரெண்டாவது மட்டும் மாறியிருந்தா கதிரே சாம்பிளைக் கெடுத்திருக்கு.