பிளான் மென்பொருள் மாறும்போது அளவும் மாறிப்போகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அறையின் நீளம் 4 மீட்டர். கட்டட வரைபடம் வரையும் ஆட்டோகேடில் அதை 4000 என்று வரைந்திருப்போம். அந்தக் கோப்பை வேறு மென்பொருளில் திறந்தால், அங்கே போய்ச் சேர்வது 4000 என்ற எண்தான். அது மில்லிமீட்டர் என்பது வரைந்தவருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது. அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் அறை 101.6 மீட்டருக்கு நீண்டுவிடும்.

அலகைக் குறித்து வைக்க ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்பில் இடம் இருக்கிறது. இன்ஸ்யூனிட்ஸ் என்ற அந்த அமைப்பில் 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 6 என்றால் மீட்டர். ஆனால் அங்குல டெம்ப்ளேட்டைத் திறந்து மில்லிமீட்டரில் வரைந்து தள்ளுபவர்கள் ஏராளம் (நானும் செய்திருக்கிறேன்). அதனால் இறக்குமதி செய்யும்போது அலகைத் தானாகக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிடாமல் நீங்களே தேர்ந்தெடுங்கள். கோப்பின் பெயரிலேயே அலகை எழுதிவிட்டால் அடுத்தவருக்கும் குழப்பம் இருக்காது.

சரி, அளவு தப்பாக வந்துவிட்டது. அப்போது கண் மதிப்பில் இழுத்துச் சரிசெய்வதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. உண்மை நீளம் தெரிந்த ஒரு தூரத்தை அளந்து, வந்த எண்ணை இருக்க வேண்டிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். 25.4 வந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் இடம் மாறியிருக்கின்றன. 304.8 என்றால் அடியும் மில்லிமீட்டரும். 1000 என்றால் மீட்டர். 1.37 போல ஒட்டாத எண் வந்தால் அது அலகுப் பிரச்சினை இல்லை, யாரோ மூலையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அளப்பதற்குக் கதவை எடுக்காதீர்கள். கட்டடத்தின் இரு கோடித் தூண்களுக்கு இடையிலான தூரம் நல்லது. சின்ன நீளத்தில் செய்யும் சின்னப் பிழை மொத்த வரைபடத்தில் பெரிதாகிவிடும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

முப்பரிமாண மாடல் செய்யும் ஸ்கெட்ச்அப்பில் இன்னொரு சிக்கல். மீட்டரில் வரைந்ததை மில்லிமீட்டராக எடுத்தால் 0.2 மீட்டர் சுவர் 0.2 மில்லிமீட்டராகிவிடும். அவ்வளவு நுண்ணிய விளிம்புகளை அது சரியாகக் கையாளாது. பக்கத்துப் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளலாம், விளிம்புகளுக்கு நடுவே வர வேண்டிய பரப்புகள் (முகங்கள்) உருவாகாமல் போகலாம். அப்புறம் ஆயிரம் மடங்கு பெரிதாக்கினாலும் தொலைந்தது திரும்பாது. அழித்துவிட்டு, சரியான அலகில் மறுபடி இறக்குமதி செய்யுங்கள்.

மாடலிலேயே, அதாவது வரையும் இடத்திலேயே, 1:100க்கு (நூறில் ஒரு பங்காக) சுருக்கி வைப்பதும் வேண்டாத வேலை. மாடலில் எல்லாம் உண்மை அளவில் இருக்கட்டும். ஸ்கேல், அச்சுக்காகத் தாளில் அடுக்கும் லேஅவுட்டில் வந்தால் போதும். நீளத்தைக் காட்டும் அளவுக்கோட்டில் எண்ணைக் கையால் தட்டச்சு செய்து மாற்றுவது அதைவிட ஆபத்து. கோடு எத்தனை மடங்கு பிசகினாலும் எழுத்து பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்.

இல்லஸ்ட்ரேட்டர் என்ற வடிவமைப்பு மென்பொருளுக்குக் கொண்டு போகும்போது இந்த உண்மை அளவு விதி தலைகீழ். அதன் வழக்கமான ஆர்ட்போர்டு (வரையும் தாள்) அதிகபட்சம் 227 அங்குலம், அதாவது ஆறு மீட்டருக்கும் குறைவு. வீடு உண்மை அளவில் உள்ளே நுழையாது. அதனால் முதலில் 1:100இல் பிடிஎஃப் எடுத்து, அதை 100 சதவீதத்தில் வையுங்கள். ஃபோட்டோஷாப் என்றால் அதே 1:100 பிளானில், 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 10 மீட்டருக்கு 1181 பிக்சல் வர வேண்டும்.

கடைசியில் அச்சு. ஏ1 தாளை ஏ3க்குச் சுருக்கினால் 1:100 என்பது 1:200 ஆகும். ஓரத்தில் எழுதியிருக்கும் '1:100' பொய்யாகிவிடும், ஸ்கேல் பார் (தூரம் குறித்த பட்டை) மட்டும் கூடவே சுருங்கி உண்மை சொல்லும். தாளுக்கு ஏற்ப அளவை மாற்றும் 'ஃபிட் டு பேஜ்' தேர்வாகியிருந்தால் சுருங்கியதே கண்ணில் படாது. அதற்காகவே தாளின் ஓரத்தில் 10 மீட்டர் கோடு ஒன்றை வரைந்து வைப்பேன். 1:100 அச்சில் அதன் மேல் அளவுகோலை வைத்தால் 100 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். 97 காட்டினால் அந்தத் தாளை யாருக்கும் கொடுக்காமல் மறுபடி அச்செடுப்பேன்.