குடும்பத்தோட ஐரோப்பா டூர், கூடவே டெட்லைனும்: இல்லஸ்ட்ரேட்டர் எப்படி சமாளிக்கலாம்

முதல்ல, டூர்ல உக்காந்து ஃபைனல் ஆர்ட்வொர்க் முடிச்சிடலாம்னு பிளான் போடாதீங்க, நடக்கவே நடக்காது. பென்சில் ரஃப், கிளையன்ட் சொல்ற குட்டி கரெக்‌ஷன், அவ்வளவுதான் தாங்கும். மத்ததெல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடியே அனுப்பிடுங்க, இல்ல டேட் தள்ளி வாங்கிடுங்க. ராத்திரி பாத்துக்கலாம்னும் நினைக்காதீங்க, ஜூன் மாசம் பாரிஸ்ல பத்து மணிக்குத்தான் இருட்டவே ஆரம்பிக்கும், பசங்க லேசுல தூங்க மாட்டாங்க, அதனால விடியக்காலையில அவங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள கிடைக்கிற நேரம்தான் உங்களோடது.

சாமான் கம்மியா இருக்கட்டும். கட்டி வாட்டர்கலர் டப்பா, தண்ணி அடைச்சுக்கிற பிரஷ், ஒரே ஒரு ஸ்கெட்ச்புக் போதும். கட்டர் செக்-இன் பேக்ல, பவர் பேங்க் கையோட, டர்பன்டைன் ஃபிளைட்லயே ஏத்தக்கூடாது. ஏதாவது தீர்ந்துட்டா பாரிஸ்ல லூவர் மியூசியத்துக்கு ஆத்தோட எதிர்க்கரையில சென்னிலியேன்னு ஓவியச் சாமான் கடை இருக்கு, 1887லேர்ந்து அங்கயே இருக்கு, ஆனா உள்ள போனா பர்ஸ் காலி, சொல்லிட்டேன்.

மியூசியம் என்னிக்கு மூடியிருக்கும்னு பாத்துட்டு போங்க, லூவர் செவ்வாய் மூடியிருக்கும், பாரிஸ்லயே இருக்கிற ஓர்சே மியூசியம் திங்கள். ரெண்டுலயும் 18 வயசுக்கு கீழ இருந்தா டிக்கெட் ஃப்ரீ. ஆம்ஸ்டர்டாம் வான் கோ மியூசியத்துக்கு ஆன்லைன்ல நேரம் புக் பண்ணித்தான் போக முடியும், ஃப்ரீயா வர்ற பசங்களுக்கும் சேத்து பண்ணணும். நிறைய இடத்துல பென்சில்ல வரைய விடுவாங்க, ஈரமான கலரை மட்டும் வெளிய எடுக்காதீங்க, சந்தேகம்னா அந்த ரூம்ல நிக்கிற ஆளையே கேட்டுடலாம். மாட்ரிட் பிராடோ மியூசியத்துல போட்டோவே எடுக்கக்கூடாது, பாக்க வேண்டியதை நின்னு பாத்து மனசுல வாங்கிக்கோங்க.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க வரையிறதுக்காக குடும்பத்தை நடுத்தெருவுல நிக்க வைக்காதீங்க, ரெண்டாவது நாளே சண்டை வரும். அவங்க எப்படியும் உக்காரப்போற இடத்துல வரைங்க, பார்க், காபி கடை, எல்லாத்தையும் விட ட்ரெயின். சுவிஸ் டபுள் டெக்கர் இன்டர்சிட்டில மேல்தட்டுல பசங்க விளையாட சறுக்குமரத்தோட ஃபேமிலி கோச் இருக்கு, அவங்களை அங்க விட்டுட்டு பக்கத்துலயே உக்காந்து வரையலாம். பக்கத்து மரமெல்லாம் ஓடிடும், அதை விடுங்க, தூரத்து மலை மெதுவாத்தான் நகரும், அந்த அவுட்லைனை முதல்ல பிடிச்சிட்டு மிச்சத்தை அப்புறம் ஞாபகத்துல நிரப்பிக்கலாம். ஐரோப்பாவுல பல நாட்டு ட்ரெயினுக்கும் ஒரே டிக்கெட்டா இருக்கிற யூரெய்ல் பாஸ்ல பெரியவங்க கூட வர்ற 4லேர்ந்து 11 வயசு வரை உள்ள பசங்களுக்கு ஃப்ரீ, ஆனா அவங்களுக்கும் பாஸ் எடுத்திருக்கணும், ஃபிரான்ஸ் ஸ்பீட் ட்ரெயின்ல சீட் ரிசர்வேஷனுக்கு தனியா காசு.

உங்களுக்காகவும் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கோங்க. ஃபிரான்ஸ் ஸ்ட்ராஸ்பர்க்ல, டோமி உங்கரர்ங்கிற இல்லஸ்ட்ரேட்டர் பேர்ல இருக்கிற மியூசியம் இல்லஸ்ட்ரேஷனுக்குன்னே உள்ளது. பிரசல்ஸ்னா யாருக்கும் போரடிக்காது, காமிக்ஸ் மியூசியம் விக்டர் ஹோர்ட்டாங்கிற ஆர்க்கிடெக்ட் கட்டின பழைய ஜவுளிக்கடை கட்டடத்துல இருக்கு, வெளிய தெருச்சுவர் பூரா காமிக்ஸ் ஓவியம், காமிக்ஸ் ஹீரோ டின்டின் படிக்கட்டுல இறங்குற சுவரை பசங்களையே தேட விடுங்க, காசு செலவே இல்ல.

தினமும் ராத்திரி வரைஞ்ச பக்கத்தை போன்ல போட்டோ எடுத்து கிளவுட்ல ஏத்திடுங்க, ஸ்கெட்ச்புக் ட்ரெயின்லயே போயிட்டாலும் ரஃபாவது கையில இருக்கும்.