தொய்ந்த வரிக்கு வெண்பா தந்த முறுக்கு

என் புதுக்கவிதைகள் நாலு வரி போனதும் தொய்ந்துவிடும். அதைச் சரிசெய்தது வெண்பாப் பயிற்சிதான். அதில் ஒரு சீரின் (அடியின் ஒரு துண்டு) வகையைப் பொறுத்துத்தான் அடுத்த சீரின் முதல் அசை வர வேண்டும். மா, விளம், காய் என்பவை சீர் வகைகள்; நேர், நிரை என்பவை அசைகள். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். வேறு தளைக்கு, அதாவது சீர்களின் வேறு இணைப்புக்கு, அதில் இடமில்லை.

திருப்பூர் வழியாக ஓடும் ஆற்றைப் பற்றி ‘நொய்யல் ஆற்றில்’ என்று தொடங்கினேன். ‘நொய்யல்’ என்ற தேமாவுக்கு (மா வகைச் சீர்) பின் ‘ஆற்’ என நேர் வந்து தளை தட்டியது. ‘நொய்யல் கரையில் நுரைபொங்க’ என்று மாற்றியதும் தளை சரியானது, மோனையும் அமைந்தது. அதைவிடப் பெரிது, சாயக்கழிவின் நுரை கவிதைக்குள் வந்துவிட்டது. இலக்கணம்தான் என்னை உற்றுப் பார்க்க வைத்தது.

அப்புறம், எழுதியதை அம்மாவிடம் சத்தமாக வாசிப்பேன். “இப்படி ஆரு சாமி பேசறாங்க?” என்றால் அந்த வரியை எடுத்துவிடுவேன். இப்போது புதுக்கவிதை எழுதினாலும் சீர் பிரித்துப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போகிறேன்.