முகநூல் சிங்கத்தை நேரில் பார்க்கப் போகிறீர்களா?

மூன்று வருடமாக முகநூலில் எல்லோரையும் கிழித்துத் தொங்கவிட்ட அண்ணன் ஒருவர். சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் நேரில் பார்த்தேன். சீனி குறைவாகக் கேட்ட தேத்தண்ணி பாயசம் மாதிரி வந்தது. திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார்!

நீங்களும் இப்படிச் சந்திக்கப் போனால், முதலில் ஒரு தடவை போனில் பேசிவிடுங்கள். எழுதும்போது அடித்துத் திருத்த நேரம் இருக்கிறது. படிப்பவரும் விட்ட இடத்தைத் தன் கற்பனையால் அழகாக நிரப்பிக்கொள்கிறார். ஜோசப் வால்தர் என்ற ஆய்வாளர் 1996இலேயே இதை விளக்கி எழுதினார். குரலில் அவ்வளவு திருத்தம் முடியாது.

இடம் ஆள் நடமாட்டமுள்ள உணவங்காடியாக இருக்கட்டும். ஞாயிறு மாலை தேக்கா பக்கம் வேண்டாம், கூட்டத்தில் பேச்சே காதில் விழாது.

அவர் பதிவுகளைப் பற்றி உடனே கிளறாதீர்கள். சாப்பிட்ட தட்டை என்ன செய்கிறார் என்று பாருங்கள். 2021 முதல் இங்கே திருப்பி வைப்பது கட்டாயம்தான். ஆனாலும் மேசையில் சிந்தியதைத் துடைப்பவர், துடைக்காதவர் என்று இரண்டு ஜாதி உண்டு. அண்ணன் துடைத்தார், பக்கத்து மேசையையும் சேர்த்து.

சந்திக்கும் முன்பே பணம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு மோசடி உதவி எண் 1799ஐ அழையுங்கள்.

அப்புறம், உங்கள் படத்தையும் மாற்றிவிட்டுப் போங்கள். என்னுடையது 2014 தீபாவளிப் படம். அண்ணன் என்னை இரண்டு தடவை தாண்டிப் போனார்.