மூடுபனி ஊரில் உலர்மலர் வாசனைக் கலவை: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

கடைகளில் பாட்பூரி என்று விற்கப்படும் கலவைகளில் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால், சாயமேற்றிய மரச்சீவலே மிகுதியாக இருக்கும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ வாசலில் இரண்டு ரோஜாச் செடி வைத்திருப்பவர்கள் அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

மணத்துக்குப் பன்னீர் ரோஜா, மரிக்கொழுந்து, கசக்கினால் மணக்கும் ஜெரானியம் இலை ஆகியவையும், நிறத்துக்குச் சாமந்தியும் போதும். ஊட்டியில் விற்கும் காகிதப்பூ (வேலியில் படரும் போகன்வில்லா அல்ல, காய்ந்தாலும் வடிவம் கெடாத ‘எவர்லாஸ்டிங்’ பூ) நிறம் மங்காது; ஆனால் அதற்கு மணம் கிடையாது. மல்லிகை காய்ந்தால் பழுப்பேறி வாசமிழந்துவிடும் என்பதால் அதைத் தலையிலேயே விட்டுவிடலாம். வேலியோரம் குழல் குழலாகத் தொங்கும் ஊமத்தை இனப் பூ நஞ்சு. அதைத் தொடவே வேண்டாம்.

காலைப் பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறும் முன் பறித்து, இதழ்களை உதிர்த்து, மாவு சலிக்கும் சல்லடையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிழலில் பரப்புங்கள். செய்தித்தாளை நான் பயன்படுத்துவதில்லை. அடியில் காற்று புகாது, மையும் ஒட்டும். நேர் வெயில் நிறத்தை வெளுக்கச் செய்துவிடும்.

மலையில் சிக்கல் தொடங்குவது இதற்குப் பிறகுதான். இதழின் ஓரம் அப்பளம்போல் நொறுங்கும்போதும், காம்பை ஒட்டிய வெளிறிய, தடித்த அடிப்பகுதி தோல்போல் வளைந்துகொண்டிருக்கும். அந்த ஈரமே மூடிய புட்டிக்குள் பூசணமாக மாறுகிறது. ஆகவே ஓரத்தை அல்ல, அடிப்பகுதியை ஒடித்துப் பார்க்க வேண்டும். பகலில் மொறுமொறுப்பாக இருந்த இதழ் மாலை மூடுபனியில் மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், வெயிலுள்ள நாளின் பிற்பகலில், பனி இறங்கும் முன்பே புட்டியில் அடைத்துவிடுங்கள். மறுநாள் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தால், எல்லாவற்றையும் கொட்டி மீண்டும் உலர்த்தவும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலை எளிது; தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தொடங்காமலிருப்பது நல்லது.

நறுமண எண்ணெயைப் பூவின்மேல் நேரடியாக ஊற்றினால் விரைவில் ஆவியாகிவிடும். அதைப் பிடித்துவைக்க ஒரு பொருள் தேவை. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஓரிஸ் (ஐரிஸ் செடியின்) வேர்த் தூளைத் தேடி அலைவதைவிட, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெட்டிவேரே எனக்குப் பிடித்தது. அதைப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி அளவுக்கு எட்டுச் சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு நாள் தனியாக மூடி வையுங்கள். பிறகு நான்கு கோப்பை உலர்ந்த இதழ், ஒன்றிரண்டாகத் தட்டிய பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் ஆகியவற்றோடு கலந்து, புட்டியின் முக்கால் அளவுக்கு மட்டும் நிரப்பி, இருட்டான அலமாரியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்து, அவ்வப்போது குலுக்கிவிட வேண்டும்.

பின்சேர்க்கை: யூகலிப்டஸ் தைலம் சேர்க்கலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டு சொட்டுக்கு மேல் போனால் ரோஜா மணம் அமுங்கி, சளி மருந்து வாசம்தான் மிஞ்சும். இந்தத் தைலத்தை விழுங்கினால் ஆபத்து என்பதால், கலவைக் கிண்ணத்தைக் குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.